மெஸ்ஸியானை வாசிக்கச் சொற்கட்டு உதவுமா?

2023 செப்டம்பர் 17 (கேள்வி)

எட்டு வருடம் மிருதங்கம் கற்றவன் நான். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் போர்க்கைதி முகாமில் எழுதிய ‘காலத்தின் முடிவுக்கான நால்வரிசை’யில் நம் பழைய தாளங்கள் இருக்கின்றன என்று படித்தேன். அப்படியென்றால் தாளம் தெரிந்தவருக்கு அது எளிதாகத்தானே இருக்க வேண்டும்? தொழில்முறைக் கலைஞர் அல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

செப்டம்பர் 17, இரவு

எளிதாகும் என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதம்தான் அதே வேலையில் இறங்கியிருக்கிறேன். பெர்லினில் இருக்கிறேன். சிறுவயதில் மிருதங்கம், அப்புறம் பியானோ. ஞாயிறு மாலைகளில் ஒரு அமெச்சூர் குழுவுக்கு வழிகாட்டுகிறேன். பியானோ வாசிப்பவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். கிளாரினெட் ஓர் இயற்பியல் ஆசிரியர். வயலின் மென்பொருள் வேலையில் இருப்பவர். செலோ வாசிக்கும் பெண்மணி மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். பிராம்ஸ், டிவோர்ஷாக் எல்லாம் வாசித்தவர்கள். இந்தப் படைப்பைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள்தான்.

எட்டுப் பகுதிகள், ஏறக்குறைய ஐம்பது நிமிடம். முதல் பகுதியில் பியானோவின் இடம் மட்டும் சொல்கிறேன். 17 கால அளவுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குரோச்செட் என்ற மேற்கத்திய கால அளவில் கால் பங்கான செமிக்வேவரில் எண்ணினால் 4 4 4 2 3 2, அப்புறம் 2 2 2 3 3 3 1, அப்புறம் 2 3 4 8. மொத்தம் 52, அதாவது 13 குரோச்செட். ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தாளங்களிலிருந்து செய்த கோவை இது. இதன்மேல் 29 கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) தனிச் சுற்றாகச் சுழல்கின்றன. 17, 29 இரண்டும் பகா எண்கள். இரண்டு சுற்றும் ஒன்றாக முடிய 493 கார்டுகள் வாசிக்க வேண்டும். பத்தாவது சுற்று நிறைவதற்குள்ளேயே பகுதி நின்றுவிடும்.

பல் மருத்துவர் இரண்டு வாரம் இந்த எண்களைப் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு போராடினார். இன்று நான் அவற்றைச் சொற்கட்டாக, அதாவது மிருதங்கத் தட்டுகளுக்கான எழுத்துகளாக, வாயால் சொல்லிக் காட்டினேன்:

தகதிமி தகதிமி தகதிமி தக தகிட தக
தக தக தக தகிட தகிட தகிட த
தக தகிட தகதிமி தகதிமிதகஜுனு

கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகும்போது படிக்கட்டில் சொல்லிக்கொண்டே இறங்கினார். 1941 சனவரியில் ஐயாயிரம் கைதிகளுக்கு முன்னால் முதலில் வாசிக்கப்பட்ட இசை, பெர்லினில் ஒரு மாடிப்படியில் தகிட தகிட என்று இறங்கிப் போனதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பர் 19

கீழே ஒருவர் ராகவர்த்தனம் என்ற தாளத்தைக் கேள்விப்பட்டதே இல்லையே என்கிறார். சரியான கேள்வி. நாம் கற்கும் சூளாதி ஏழு தாளங்களிலோ முப்பத்தைந்திலோ அது கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர், சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களைப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் அச்சாகி, அங்கிருந்து மெஸ்ஸியான் கைக்குப் போனது. அதாவது, கையால் போட்டுக் காட்டும் ஒரு வித்வானிடமிருந்து வராமல் அச்சிட்ட பக்கத்திலிருந்து வந்தது. ‘நம் தாளம்’ என்று பெருமைப்படுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். எனக்கும்தான் சொல்கிறேன்.

அக்டோபர் 1

ஆறாவது பகுதியைத் தொட்டுவிட்டோம். ஏழு எக்காளங்களுக்கான கோப நடனம். நான்கு பேரும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மெட்டு. ஒத்திசைவு கிடையாது, பின்னணி கிடையாது, ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. தாளக்குறியும் இல்லை. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 176 க்வேவர் (ஒரு க்வேவர் இரண்டு செமிக்வேவர்). எப்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பில் ‘கருங்கல் போல’ என்ற பொருளில் ஒரு சொல் வரும். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

நடுவில் முன்னும் பின்னும் ஒன்றுபோலவே இருக்கும் வரிசைகள் வருகின்றன: 3 5 8 5 3, அடுத்து 4 3 7 3 4. முதல் வரிசையைப் பார்த்ததும் எனக்கு மிருதங்க யதிதான் நினைவுக்கு வந்தது. ஓரம் சிறுத்து நடு பருத்த வடிவம். கரும்பலகையில் மிருதங்கத்தைப் படமாக வரைந்தே காட்டினேன். இயற்பியல் ஆசிரியர் உடனே, அப்படியென்றால் இரண்டாவது வரிசை என்ன வாத்தியம் என்று கேட்டார். 4, 3 என்று இறங்கி 7க்கு ஏறி மறுபடி இறங்கி ஏறுகிறது. மிருதங்கமும் இல்லை, உடுக்கையும் இல்லை. இன்னும் யாரும் செய்யாத வாத்தியம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

தகிட, தகதகிட, தகதிமிதகஜுனு, தகதகிட, தகிட. மூன்று வாரத்தில் நால்வரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அக்டோபர் 2

திருத்தம். ஐயாயிரம் பேர் என்று எழுதியிருந்தேன். மெஸ்ஸியானே பிற்பாடு சொன்ன எண்ணிக்கை அது. ஆனால் நடந்த இடம் முகாமின் ஒரு மரக்கொட்டகை. சில நூறு பேருக்கு மேல் அதில் கொள்ளாது. செலோவில் மூன்று தந்திதான் இருந்தது என்பதும் அவர் சொன்னதுதான். அன்று செலோ வாசித்த எத்தியேன் பஸ்கியே, நான்கும் இருந்தன என்று கடைசிவரை மறுத்தார். கைதிகள் காசு சேர்த்து கோர்லிட்ஸ் ஊரில் வாங்கிய செலோ அது. நான் பஸ்கியே பக்கம். வாசித்தவருக்குத் தெரியாதா எத்தனை தந்தி என்று?

அக்டோபர் 22

இன்று பதிவு செய்து கேட்டோம். மனது கனத்துவிட்டது.

ஆறாவது பகுதி தப்பில்லாமல் ஓடுகிறது. எண்கள் எல்லாம் சரி. ஆனால் அது மெஸ்ஸியானாக இல்லை. ஒவ்வொரு தொகுதியின் முதல் எழுத்திலும் ஒரு குத்து. தகிட என்றால் ‘த’வில் குத்து, தகதகிட என்றால் இரண்டு குத்து. எட்டு செமிக்வேவர் நீளும் சுரத்துக்குள்ளேகூட தகதிமி, தகஜுனு என்று இரண்டு வீக்கம் கேட்கிறது. செலோ வில்லின் அழுத்தத்திலேயே தெரிகிறது. உள்ளே எதைச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ அதையே வாசித்துவிட்டார்கள்.

சொல்லிக்கொடுத்தது நான்.

அக்டோபர் 23

தூக்கம் வராமல் யோசித்ததை எழுதிவைக்கிறேன்.

மிருதங்கத்தில் ஒரு சொல் விழுந்தவுடனே தேய ஆரம்பிக்கிறது. எட்டு மாத்திரை இடைவெளி என்றால் எட்டு மாத்திரை மௌனம். அந்த மௌனத்தை அளக்க உள்ளே சொல் ஓட வேண்டியிருக்கிறது. கிளாரினெட்டில் எட்டு மாத்திரை என்பது எட்டு மாத்திரையும் ஊதிக்கொண்டே இருப்பது. அங்கே அளப்பதைவிடத் தாங்குவதுதான் வேலை. நான் அளக்க மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. நமக்குக் கணக்கு எங்கே போனாலும் சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்கு, வந்து சேரும். கோர்வை (முடிவுக்கான தாளக் கணக்கு) முடிந்து சமத்தில் விழும்போது சபை தலையாட்டும். இங்கே சமமே கிடையாது. வந்து சேர ஓர் இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு வாசித்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு பொய்யான வீடு கட்டிவிடுவோம். என் நால்வரும் அதைத்தான் செய்தார்கள். காலம் முடிவதைப் பற்றிய இசையில் சமம் தேடுவது எப்படிப் பொருந்தும்?

செப்டம்பர் 17 பதிலில் எளிதாகும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும்.

நவம்பர் 12

இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். 1942இல் வந்த பதிப்பின் முன்னுரையில் மெஸ்ஸியான் வாசிப்பவர்களுக்கு ஒரு பக்கம் அறிவுரை எழுதியிருக்கிறார். நான் நேராக இசைப் பக்கங்களுக்குத் தாவிவிட்டேன். செலோ அம்மாதான் ரயிலில் படித்துவிட்டு வந்து காட்டினார்.

மெஸ்ஸியான் சொல்வது இதுதான்: கோப நடனம் போன்ற இடங்களில் மனதுக்குள் செமிக்வேவர்களை எண்ணிக்கொள்ளலாம், ஆனால் பயிற்சியின் தொடக்கத்தில் மட்டும். மேடையிலும் எண்ணினால் வாசிப்பு கனத்துப்போகும். அளவுகளின் உணர்வு உள்ளே இருந்தால் போதும். நான் இரண்டு மாதத்தில் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது அவர் எழுதிவைத்த இரண்டு வாக்கியம்.

நவம்பர் 14

அப்படியானால் சொற்கட்டை விட்டுவிட்டீர்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். விடவில்லை. இப்போது செய்வது இப்படி. ஒரு வரியை முதலில் முழுச் சொற்கட்டாகச் சொல்கிறோம். அடுத்து உள் எழுத்துகளை விழுங்கிவிட்டு ‘தா’ என்று மட்டும் நீட்டுகிறோம், விரல் மட்டும் முழங்காலில் செமிக்வேவரைத் தட்டுகிறது. அடுத்து விரலும் நிற்கிறது. அதற்கப்புறம் மெட்டைப் பாடுகிறோம். நால்வரும் வெட்கப்படாமல் பாடி முடிக்கும்வரை வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுக்கவிடுவதில்லை. வயலின்காரர் முதல் இரண்டு வாரம் வாயைத் திறக்கவே இல்லை. இப்போது அவர் குரல்தான் பெரிது.

நான்கு என்று கை எதிர்பார்க்கும் இடத்தில் மெஸ்ஸியான் ஒரு செமிக்வேவரைக் கூட்டி ஐந்தாக்குவார். பிராம்ஸ் பழகிய கை அந்தக் கூடுதல் துளியை அறியாமலே வெட்டிவிடும். பாடும்போது மட்டும் வெட்டுவதில்லை. மூச்சுக்கு அந்தத் துளி பிடித்திருக்கிறது போல.

வேகம் இப்போது 132. கடைசியில் 150 போதும் என்று முடிவு செய்துவிட்டேன். 176இல் பதறுவதைவிட 150இல் கருங்கல்லாக நிற்கட்டும்.

டிசம்பர் 10

மூன்றாவது பகுதி, பறவைகளின் படுகுழி. கிளாரினெட் தனியாக. இதைப் பற்றி நிறைய எழுத ஆசை, இன்று ஒன்று மட்டும். கேட்கிறதா இல்லையா என்ற நிலையிலிருந்து தொடங்கி உச்ச சத்தம் வரை ஒரே சுரம் மெதுவாக வளரும் இடங்கள் இருக்கின்றன. கிளாரினெட்டில் சத்தம் கூடக்கூடச் சுருதி இறங்கும், குறையக்குறைய ஏறும். தனியாக வாசிப்பதால் ஒப்பிட வேறு வாத்தியமும் இல்லை. ஆசிரியர் சுருதிக் கருவியைப் பார்த்தபடி இரண்டு வாரம் பழகினார். முள் அசையாமல் நின்றது. இசையும் அசையாமல் நின்றது.

இன்று கருவியை வாங்கி வைத்துவிட்டு, அறையின் அந்தக் கோடியில் போய் நின்றேன். நான் கேட்க ஆரம்பித்ததும் கையைத் தூக்குகிறேன், அதற்கு முன்னாலேயே நீங்கள் ஊத ஆரம்பித்திருக்க வேண்டும் என்றேன். ஏழெட்டு முறை. கடைசி முறை நான் கையைத் தூக்கியபோது, ஊதத் தொடங்கி ஐந்து விநாடி ஆகிவிட்டது என்றார். அந்த ஐந்து விநாடிதான் இந்தப் பகுதியின் வாசல் என்று அவரே சொன்னார். சுருதி கொஞ்சம் இறங்கியது உண்மை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2024 சனவரி 16

நேற்று நாங்கள் ஐந்து பேரும் போயிருந்தோம். முகாம், ஸ்டாலாக் 8ஏ, கோர்லிட்ஸின் ஆற்றுக்கு அந்தப் புறம் இருந்தது. 1945க்குப் பிறகு அந்தக் கரை போலந்து. ஊருக்கு ஸ்கோர்செலெட்ஸ் என்று பெயர். முதல் கச்சேரி நடந்தது 1941 சனவரி 15. நேற்றோடு 83 வருடம்.

பல் மருத்துவர் அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். ஆற்றுக்கு அப்பால் இப்படி ஒரு முகாம் இருந்தது என்று பள்ளியில் ஒருவரும் சொல்லவில்லை என்றார். வேறு எதுவும் பேசவில்லை. குளிர் விரலைக் கடித்தது. இந்தக் குளிரில், விசைகள் ஒட்டிக்கொள்ளும் ஒரு பியானோவில் மெஸ்ஸியான் வாசித்திருக்கிறார். கிளாரினெட் வாசித்த ஆன்ரி அக்கோக்கா யூதர். மூன்று மாதம் கழித்து ஓடும் ரயிலிலிருந்து கிளாரினெட்டோடு குதித்துத் தப்பினார். எங்கள் ஆசிரியர் திரும்பி வரும்போது ரயிலில் தன் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

பிப்ரவரி 18

ஐந்தாவது பகுதி. செலோவும் பியானோவும் மட்டும். செமிக்வேவருக்கு 44. இதயத்துடிப்பைவிட மெதுவாக நகரும் செமிக்வேவரை யோசித்துப் பாருங்கள்.

ஆறாவதுதான் கடினம், ஐந்தாவது இளைப்பாறல் என்று அக்டோபரில் அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதுவும் தவறு. ஆறாவதில் பிசகினால் கேட்பவருக்குக் கோபமாகவே கேட்கும். ஐந்தாவதில் வில் ஒரு விரற்கடை முன்னால் தீர்ந்துபோனால் எல்லாம் தரையில் விழுகிறது.

செலோ அம்மாவின் வில் ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் முக்கால்வாசியிலேயே தீர்ந்தது. தொடக்கத்தில் அதிகம் செலவழிக்கிறார். அமெச்சூர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்: சுரம் பிறந்துவிட்டதா என்ற பயத்தில் முதலிலேயே நிறையக் கொடுத்துவிடுவார்கள். வில்லில் நூல் கட்டி அளந்து பார்த்தோம். பயன் இல்லை. வில்லை நடுவில் யாருக்கும் தெரியாமல் திருப்பிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வளைந்து கொடுக்காமல் தாங்கிப் பிடியுங்கள் என்றுதானே அந்த மெதுவான பகுதிகளைப் பற்றி மெஸ்ஸியான் முன்னுரையில் எழுதியிருக்கிறார் என்றார்.

பியானோ பக்கம் வேறு பிரச்சினை. ஒரே கார்டு திரும்பத் திரும்ப. பியானோ ஒலி தேய்வதைக் கேட்டதும் கை அடுத்ததை முன்னதாகவே வைத்துவிடுகிறது. பத்து வரியில் 44 என்பது 52 ஆகிவிடுகிறது. மெட்ரோநோம் (வேகம் காட்டித் தட்டும் கருவி) வைத்தால் இயந்திரம். எடுத்தால் ஓட்டம்.

சரி, வாத்தியங்களை மாற்றாமல் வேலையை மாற்றினோம். பல் மருத்துவர் கார்டுகளை வாசித்தபடி செலோவின் மெட்டைப் பாடினார். செலோ அம்மா வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். பாடகருக்கு மூச்சு போதவில்லை, நடுவில் உடைந்தது. ஆனால் ஓட்டம் நின்றது. அடுத்த முறை செலோ வாசித்தபோது வில் போதுமானதாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். இரவுப் பணியில் ஒரு நோயாளியின் மூச்சு எப்போது வரும் என்று பக்கத்தில் நின்று கேட்போம், நாம் அவசரப்பட்டால் அது சீக்கிரம் வந்துவிடாது, அதையே செய்தேன் என்றார்.

இந்த இழையில் நான் எழுதிய எண்கள் எல்லாவற்றையும்விட அந்தப் பதிலை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 17

முதல் பகுதிக்குத் திரும்பினோம். பியானோவின் 13 குரோச்செட் சுற்று, முக்கால் தாளக் கட்டத்தில் (ஒரு கட்டத்துக்கு மூன்று குரோச்செட்) உட்காராது. ஒவ்வொரு சுற்றும் ஒரு எண்ணிக்கை தள்ளி ஆரம்பிக்கும், பாட்டின் எடுப்பு (தொடங்கும் இடம்) நகர்ந்துகொண்டே போவது போல. செலோவுக்குத் தனிச் சுற்று: 15 அளவுகள், 33 க்வேவர், ஐந்தே சுரங்கள், எல்லாம் ஹார்மானிக் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி). அதாவது ஐந்தரைக் கட்டம். மேலே கிளாரினெட்டும் வயலினும் ஐரோப்பாவின் பிளாக்பேர்ட், நைட்டிங்கேல் பறவைகளைப் போலக் கூவுகின்றன.

நல்ல அமெச்சூர்களிடம் ஒரு நல்ல குணம்: மற்றவர் தடுமாறினால் காத்திருப்பார்கள், இடம் கொடுப்பார்கள். இந்தப் பகுதியில் அந்தக் குணம் எல்லாவற்றையும் குழைத்துவிடுகிறது. வயலின் இழுத்தால் பியானோ இரங்குகிறது, பியானோ இரங்கினால் செலோ நிற்கிறது. நட்சத்திரங்கள் பறவைக்காக நிற்குமா?

நால்வரையும் முதுகைக் காட்டி உட்காரவைத்தேன். துடிப்பு மட்டும் பொது, வேறு எதுவும் பொதுவில்லை. பல் மருத்துவர் முதல் நாள் கற்ற தகதிமி தகதிமி இங்கேதான் முழுப் பயன் தந்தது. பியானோ கார்டு அடித்தவுடன் தேயும் ஒலி. மிருதங்கத்துக்குப் பக்கத்து வீடு. அதனால் சொற்கட்டின் குத்து இங்கே உறுத்தவில்லை. அக்டோபரில் மொத்தமாகக் கைகழுவியது அவசரம். கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போதைய பதில்: தேயும் ஒலிக்குச் சொல்லுங்கள், நீளும் ஒலிக்குப் பாடுங்கள்.

ஜூன் 9

வாசித்துவிட்டார்கள். தேவாலயத்தின் பக்கத்து அறை, அறுபது நாற்காலி. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு மட்டும். ஆறாவதில் ஓரிடத்தில் வயலின் அரை வரி தனியாகப் போய்விட்டது. மற்ற மூவரும் நிற்கவில்லை, அவரே ஏறிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு முன் நால்வரும் நின்றிருப்பார்கள்.

ஐந்தாவது முடிந்ததும் கைதட்ட யாருக்கும் கை வரவில்லை.

ஜூன் 11

நேர அளவு கேட்டவருக்கு: ஐந்தாவது பகுதி பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கச்சேரி முடிந்து கூட்டம் போன பிறகு, அவர்கள் இருவரும் மறுபடி ஒருமுறை வாசிக்க வேண்டும் என்றார்கள். அப்போது இன்னும் மெதுவாக வந்தது. அறையைப் பூட்ட வந்தவர் சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றிருந்தார்.

எட்டாவது பகுதி செப்டம்பரில். வயலினும் பியானோவும், க்வேவருக்கு 36. வயலின்காரர் இப்போதே பாட ஆரம்பித்துவிட்டார்.